வீட்டைப் பார்த்தாச்சு, கிணற்றைப் பார்த்தீர்களா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 49 வயது, சென்னையில் வேலை. அம்மா வழியில் நாங்கள் சேரன்மகாதேவி பக்கம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, களக்காடு போகிற பாதையில் ஒரு கிராமத்தில் பழைய ஓட்டு வீடும், அதை ஒட்டிப் பின்னாலேயே 3 ஏக்கர் 20 சென்ட் நஞ்சையும் சேர்ந்து விலைக்கு வருகிறது என்று புரோக்கர் காட்டினார். மொத்தம் 72 லட்சம். பட்டா காலமான பெரியவர் பெயரில் இருக்கிறது. அவருடைய மனைவியும் இல்லை. மூத்த மகன்தான் விற்கிறார். இரண்டு தங்கைமார், ஒருவர் மும்பையில். தம்பி இறந்துவிட்டார், அவர் மனைவியும் பத்தாவது படிக்கிற மகனும் இருக்கிறார்கள். 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. கிணற்றில் கால் பங்கு உண்டு. நிலத்தை 20 வருஷமாக ஒரு பெரியவர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிர் செய்கிறார், வீட்டின் பின்கட்டில்தான் குடியிருக்கிறார், பத்திரம் முடிந்ததும் காலி செய்துவிடுவார் என்கிறார்கள். துபாயில் இருக்கும் என் அண்ணன் பாதிப் பணம் போடுகிறார், இருவர் பெயரிலும் பத்திரம் வேண்டும் என்கிறார். 5 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கேட்கிறார்கள், வேறு பார்ட்டி தயாராக இருக்கிறதாம். என் மனைவிக்கு, ஓய்வுக்குப் பிறகு அங்கே போய் இருக்க முடியுமா என்று பயம். கொடுக்கலாமா?

பதில்:

தம்பி, கொடுக்காதீர்கள். இப்போதைக்கு.

நீங்கள் அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். முன்பக்கத் தார்சா, பட்டாசல் கூடத்தில் நிற்கிற தேக்குத் தூண், மச்சுக்குப் போகிற மரப்படி, முற்றத்தில் விழுகிற வெயில் என்று வீட்டை மட்டும் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறீர்கள். கிணற்றுக்கு ஒரே ஒரு படம், அதிலும் உங்கள் மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள், தண்ணீர் தெரியவில்லை. வரப்புக்கு ஒரு படமும் இல்லை. வீடு மனசுக்குப் பிடித்துவிட்டது, அது புரிகிறது. ஆனால் 72 லட்சத்தில் பெரும்பங்கு வீட்டுக்குப் போகவில்லை, நிலத்துக்குப் போகிறது. நிலத்துக்கு விலை என்பது நம் பக்கத்தில் தண்ணீருக்கும் பாதைக்கும், பின்னால் யாரும் வந்து நம் சட்டையைப் பிடிக்கமாட்டார்கள் என்ற நிம்மதிக்கும் கொடுக்கிற விலை. இந்த மூன்றும் உங்கள் கடிதத்தில் ஆட்டம் காண்கிறது.

முதலில் கையெழுத்து. பட்டா அப்பா பெயரில் இருக்கிறது, அவர் உயில் எழுதவில்லை என்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. மகள்களுக்கும்தான். "தங்கச்சிகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்று மூத்தவர் சொல்வார், நம் ஊரில் எல்லா அண்ணன்மாரும் சொல்கிற வசனம் அது. கேட்க மாட்டார்கள் என்றால் வந்து கையெழுத்துப் போடட்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். மும்பையில் இருக்கிறவருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது, பிறகு பாகப்பிரிவினை வழக்குக்கு வக்கீல் பீஸ் கொடுப்பதைவிடச் சல்லிசு.

உண்மையான முடிச்சு அந்தப் பத்தாவது படிக்கிற பையன். விற்கிறவரின் தம்பி இறந்ததால் அவருடைய பங்கு மனைவிக்கும் மகனுக்கும் வரும். பையன் மைனர். "அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டுருவாங்க" என்று புரோக்கர் சொல்லியிருப்பாரே? போடலாம், பதிவும் ஆகிவிடும். ஆனால் மைனருடைய அசையாச் சொத்தை விற்க, தாயாகவே இருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1956ஆம் வருஷத்து இந்து இளவர் காப்பாளர் சட்டம் 8ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதி இல்லாமல் நடந்த கிரயத்தை அந்தப் பையன் 18 வயது முடிந்து மூன்று வருஷம் வரைக்கும் ரத்து செய்யக் கேட்கலாம். அதாவது நீங்கள் கிணறு தூர்வாரி, வேலி போட்டு, தென்னை வைத்து, அது பாளை விடுகிற நேரத்தில் அவன் சம்மன் அனுப்ப முடியும். அனுப்புவான் என்று சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு நிலம் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அவனுக்கு யோசனை சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆகவே அந்தத் தாயார் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கட்டும். சில மாதம் ஆகும். விற்கிறவர்கள் அதற்குத் தயார் இல்லை என்றால், முதலில் அவர்களுக்குள் முறையாகப் பாகம் பிரித்து, பையன் பங்கைத் தனியே ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் உங்களுக்குக் கொடுக்கட்டும். அப்படிப் பிரிக்கும்போது வீடும் கிணறும் யார் பக்கம் விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

வில்லங்கம் சுத்தம் என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய சான்றில் இருப்பது தோட்டத்தின் சர்வே நம்பர் மட்டும். வீடு அதில் இல்லை தம்பி. ஊருக்குள் இருக்கிற வீட்டு மனை நத்தம், அதற்கு நத்தம் நிலவரித் திட்டத்தில் தனியாகப் புது நம்பர் கொடுத்திருப்பார்கள், அதற்குப் பட்டாவும் தனி. அதாவது நீங்கள் மயங்கிப்போன வீட்டுக்கு இதுவரைக்கும் யாரும் வில்லங்கமே போட்டுப் பார்க்கவில்லை. பழைய நம்பர், புது நம்பர் இரண்டுக்கும் போடுங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்லுங்கள். ஊராட்சியில் வீட்டுத் தீர்வை ரசீது யார் பெயரில் போடுகிறார்கள் என்றும் பாருங்கள். வில்லங்கச் சான்று பதிவான சங்கதியை மட்டும்தான் காட்டும். வாய்மொழிப் பாகம், பெட்டிக்குள் இருக்கிற உயில், கோர்ட்டில் நடக்கிற வழக்கு, கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன் பாக்கி இதெல்லாம் அதில் தெரியாமல் போகலாம். இதை டீக்கடையில் விசாரித்தால் பாதி தெரிந்துவிடும், சிரிக்க வேண்டாம், நானே அப்படித்தான் ஆரம்பிப்பேன்.

அப்புறம் அளவு. பட்டாவில் விஸ்தீரணம் 1.18.5 ஹெக்டேர் என்று இருக்கிறது. ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். கணக்குப் போட்டால் 2 ஏக்கர் 93 சென்ட்தான் வருகிறது. புரோக்கர் சொன்னது 3 ஏக்கர் 20. மிச்சம் 27 சென்ட் எங்கே? ஒன்று, வீட்டு மனையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேற்கே போகிற ஓடைப் புறம்போக்கில் கொஞ்சத்தை வளைத்து வேலிக்குள் போட்டிருப்பார்கள், அந்தப் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கிற சமாச்சாரம் இது. ஓடைப் புறம்போக்கை விற்க அவர்களுக்கு உரிமை இல்லை, நாளைக்கு வருவாய்த்துறை வந்து வேலியைப் பிடுங்கினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கினேன் என்று சொல்லிப் பிரயோசனமும் இல்லை. மூலப்பத்திரத்தில் கோட்டை, மரக்கால் விரைப்பாடு என்று எழுதியிருப்பதை வைத்துச் சண்டை போடாதீர்கள், அது ஊருக்கு ஊர் வேறு. நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டுகிற புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு தாலுகா சர்வேயரை வைத்து அளந்து, பக்கத்து நிலக்காரர்கள் நிற்க, நாலு மூலையிலும் கல்லைக் கண்ணால் பாருங்கள். அளந்து வந்த சென்ட்டுக்குத்தான் பணம்.

இன்னொன்று. நஞ்சை என்று சொல்லி விலை பேசியிருக்கிறார்கள். வருவாய்த்துறைக் கணக்கான சிட்டாவில் புன்செய் என்று இருக்கிறது. புஞ்சை தப்பில்லை, தோட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் நஞ்சை விலையில் வாங்க வேண்டாம். தாமிரபரணிக் கால்வாயில், கன்னடியனிலோ கோடகனிலோ, நேரடியாகப் பாய்கிற வயலுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளையும், அதற்கான விலை கேட்கலாம். மழையை நம்பிய குளத்துப் பாசனத்துக்கும் மோட்டார் வைத்து இறைக்கிற இறவைக் கிணற்றுக்கும் அந்த விலை கிடையாது. கடந்த சில வருஷத்து அடங்கலை வாங்கிப் பாருங்கள், என்ன பயிர் நின்றது, எந்தத் தண்ணீர் பாய்ந்தது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருப்பார்.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன், இதைத்தான் நிறையப் பேசணும். நீங்கள் பார்த்தது தை மாதம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, வயலில் பிசானம் நிற்கிற காலம். தையில் நம் சீமையில் வறண்ட கிணற்றைப் பார்ப்பதுதான் கஷ்டம். அதே கிணற்றைச் சித்திரைக் கடைசியில் போய் எட்டிப் பாருங்கள். இப்போதே பார்க்க வேண்டுமென்றால், உள்சுவரில் வரிவரியாகக் கறை இருக்கும், கோடையில் தண்ணீர் எதுவரைக்கும் இறங்குகிறது என்று பயிர் செய்கிற பெரியவரிடம் கேட்டால் கை நீட்டிக் காட்டுவார். கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளைத்துப் பக்கப் போர் போட்டிருக்கிறார்களா, சுற்றுத் தோட்டங்களில் புதிதாக ஆழ்துளைக் கிணறு எத்தனை வந்திருக்கிறது என்றும் கேளுங்கள். பக்கத்தில் இரண்டு ஆழமான போர் வந்துவிட்டால் பாட்டன் வெட்டிய கிணற்றில் தவளைதான் மிஞ்சும்.

கால் பங்கு என்றால் நாலு நாளைக்கு ஒரு நாள் உங்கள் முறை. அந்த ஒரு நாளிலும் மும்முனை மின்சாரம் எந்த நேரம் வருகிறதோ அந்த நேரம்தான் மோட்டார் ஓடும். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் மடை திறக்கணும், சென்னையிலிருந்து திறக்க முடியாது. ஏறக்குறைய மூணு ஏக்கருக்கும் வாழை போட இந்தத் தண்ணீர் காணாது, அதில் ஒரு பகுதிக்குத் தாங்கலாம், மிச்சத்துக்கு உளுந்து, எள்ளு, அல்லது மா, நெல்லி மாதிரி குறைந்த தண்ணீர்ப் பயிர் என்று திட்டம் போடுங்கள்.

சரி, அந்தக் கிணற்று மோட்டாருக்கான இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? பொதுக் கிணற்றில் இதுதான் சண்டையின் ஊற்று. நாலு பங்காளி கிணறு, இணைப்பு ஒருத்தர் பெயரில், அவரும் செத்து பத்து வருஷம் ஆகியிருக்கும். மோட்டார் காயில் எரிந்தால் யார் காசு போடுவது, பெயர் மாற்ற மற்றப் பங்குதாரர்கள் சம்மதம் தருவார்களா, இதையெல்லாம் மற்ற மூன்று பங்குக்காரர்களையும் நேரில் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். அவர்கள் உங்களை உட்காரச் சொல்கிறார்களா, வாசலிலேயே நிறுத்துகிறார்களா என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தோட்டத்து இணைப்பிலிருந்து வயர் இழுத்துத்தான் வீட்டில் விளக்கு எரிகிறது என்றால் அது மின்திருட்டு, வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் "இறவைக் கிணற்றில் 1/4 பாகமும், அதிலுள்ள மின் மோட்டார் பம்புசெட்டில் 1/4 பாகமும், முறைப்படி தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியதையும், குழாய் செல்லும் பாத்தியதையும், வண்டிப்பாதை பாத்தியதையும்" என்று ஒவ்வொரு பாத்தியதையும், அதாவது உரிமையும், தனித்தனியாக வரணும். "சகல பாத்தியதைகளும்" என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிற பத்திர எழுத்தர்கள் உண்டு, விடாதீர்கள்.

பாதை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வீட்டுக்குள் நுழைந்து புறவாசல் வழியாக நீங்கள் நிலத்துக்குப் போய்விட்டீர்கள். டிராக்டர் எப்படிப் போகும்? பக்கத்துக்காரர் நிலத்தின் வழியாக "மாமூல் பாதை" என்பார்கள். 20 வருஷம் தடையில்லாமல் உரிமையாக நடந்த பாதைக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபிக்கிறதற்குள் உங்களுக்குப் பேரன் பிறந்துவிடுவான். புல வரைபடத்தில் பாதை இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அந்தப் பக்கத்து நிலக்காரரிடம் பதிவு செய்த பாதை உடன்படிக்கை ஒன்றை, கிரயத்துக்கு முன்னாலேயே, விற்கிறவர் வாங்கித் தரட்டும்.

நிலத்தைப் பயிர் செய்கிற அந்தப் பெரியவரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். 20 வருஷமாகத் தன் உழைப்பில் வாரத்துக்குப் பயிர் செய்கிறவர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், அவர் 1955ஆம் வருஷத்துச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. நிலம் கைமாறினாலும் அவர் உரிமை மாறாது, வெளியேற்ற வருவாய் நீதிமன்றத்துக்குத்தான் போகணும், அதற்கும் வாரம் பாக்கி மாதிரிக் காரணம் வேண்டும். தாசில்தார் அலுவலகக் குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறவர் ஆள் வைத்து அவரைக் கிளப்பினால், அந்தப் பாவமும் வழக்கும் சேர்த்து உங்கள் தலையில் விழும். என் யோசனை, அவரோடு நேரில் பேசுங்கள். போக விருப்பமென்றால் விற்கிற குடும்பம் நியாயமான தொகை கொடுத்து, அவர் விட்டுக்கொடுப்பதை எழுதிப் பதிவு செய்யட்டும். இருக்க விருப்பமென்றால், ஊரில் இல்லாத உங்களுக்கு அந்தக் கிணற்றையும் மடையையும் அறிந்த ஆள் வேறு யார் கிடைப்பார்? ஆனால் அவரைக் குத்தகைதாரராக ஏற்றுக்கொண்டு வாங்குகிறீர்கள் என்றால் விலை நன்றாகக் குறையணும்.

அண்ணன் விஷயம் சுருக்கமாக. நிலத்தில் அவர் பெயரைப் போட முடியாது. வெளிநாட்டில் குடியிருக்கிற இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "உன் பெயரில் வாங்கு, பாதி என்னுடையது" என்று உங்களுக்குள் பேசிக்கொள்வது பினாமி சட்டத்தில் போய் முட்டும். அவர் பணத்தை உங்களுக்கு அன்பளிப்பாகவே கொடுத்தால், உடன்பிறந்தவர் என்பதால் அதற்கு உங்களுக்கு வருமான வரி இல்லை, வங்கி வழியாக வரட்டும். ஆனால் அன்பளிப்பு என்றால் அன்பளிப்புத்தான், நிலம் முழுக்க உங்களுடையது. இதை அவரிடமும் அண்ணியிடமும் இப்போதே பேசிவிடுங்கள்.

பணம் கொடுக்கிற முறை. ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக் கொடுத்து 5 லட்சம் ரொக்கம் என்பதற்குப் பேச்சே இல்லை. அசையாச் சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது, இதை அவர்களிடமே சொல்லுங்கள், குரல் இறங்கிவிடும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு, கோர்ட் அனுமதியையும் பெரியவர் ஏற்பாட்டையும் அளவையும் நிபந்தனையாக எழுதி, பதிவு செய்த கிரய ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு ஒரு சிறு தொகையை வங்கியில் அனுப்புங்கள். பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்ற யோசனை வரும், அதற்கும் தலையாட்டாதீர்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதை இப்போதே உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், 72 லட்சத்துக்கு ஆறரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய வரும். வேறு பார்ட்டி தயாராக இருக்கட்டும். மைனர் பங்கு இருக்கிற சொத்தை அடுத்த வாரமே ரொக்கம் கொடுத்து வாங்குகிற பார்ட்டி நிஜமாகவே இருந்தால், அவர் வாங்கட்டும்.

வீட்டைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, ஒரு நல்ல தச்சரையும் கொத்தனாரையும் கூட்டிப் போங்கள். உத்திரத்தையும் வாரிக்கட்டைகளையும் தட்டிப் பார்த்தால் கரையான் தின்ற இடம் சத்தத்திலேயே தெரியும். சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு மேல் சிமெண்டுப் பூச்சுப் போட்டிருந்தால் உள்ளே ஈரம் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது, இந்த வீட்டுத் திண்ணையைத் தொட்டதா என்று எதிர்வீட்டில் கேளுங்கள், விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டம்மா கேட்டதற்கு வருகிறேன். இருக்க முடியும், ஆனால் பொங்கலுக்கு வந்து போன மாதிரி இருக்காது. மலையடிவாரம் பக்கமென்றால் ராத்திரி காட்டுப்பன்றி வந்து வாழையைப் பிரட்டிப் போடும், களக்காட்டு மலையிலிருந்து கரடி இறங்குகிற ஊர்களும் உண்டு. ஆனி ஆடிக் காற்றில் ஓடு தடதடக்கும். பாம்பு வரும். ராத்திரி நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிஷம் என்று ஒருதடவை வண்டியில் போய்ப் பாருங்கள். எப்படியும் கோர்ட் அனுமதி வரச் சில மாதம் ஆகும். மூத்தவரிடம் பேசி, அந்த வீட்டை வைகாசியில் ஒரு மாதத்துக்குச் சும்மா வாடகைக்குக் கேளுங்கள், 11 மாத ஒப்பந்தம் எதுவும் வேண்டாம், இரண்டு பேரும் லீவு போட்டு வந்து தங்குங்கள், வந்த மறுநாள் கிணற்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வாடகைக்குக் கொடுக்க முடியாது என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்டு எழுதுங்கள்.